முருகை உயிர்ச்சுவடுகளும் பாறைகளின் வயதும்

ஒரு பாறையின் வயது யாது என வினவுவோர் உண்மையில் இரு வேறு வினாக்களை ஒருங்கே எழுப்புகின்றனர். இப்பாறை எதற்கு முந்தியது, எதற்குப் பிந்தியது என்பது முதலாவது வினா. இது தோன்றி எத்தனை ஆண்டுகள் சென்றுள்ளன என்பது இரண்டாவது வினா. முன்னையது வரிசை பற்றியது. பின்னையது எண் பற்றியது. ஒரு குடும்பத்திலே மூத்தவர் யார், இளையவர் யார் என்பதை அறிந்தவர் அவர்கள் பிறந்த ஆண்டுகளையும் அறிந்திருப்பார் எனக் கொள்ள முடியாது. அவ்வாறே புவிச்சரிதவியலாளரும் பாறைகளின் வரிசையை ஒழுங்குபடுத்திய பின்னரும் நெடுங்காலம் அவற்றின் ஆண்டுக்கணக்கை அறியாதிருந்தனர்.

இவ்விரு வினாக்களுக்கும் விடை கண்ட வரலாற்றிலே முருகைகளுக்குத் தனியான ஓர் இடமுண்டு. முருகை என்பது கடலடியில் ஓரிடத்தே ஊன்றி நின்று, கடல்நீரிலுள்ள கல்சியத்தைக் காபனேற்றாக மாற்றித் தன்னைச் சுற்றிக் கற்கூடு அமைத்து வாழும் சிற்றுயிர். உயிர் மடிந்தாலும் கூடு எஞ்சும். அக்கூடு படிவுகளிடையே புதையுண்டு, காலப்போக்கிலே பாறையின் பகுதியாகிவிடும். தெவோனியன் எனப்படும் ஒரே காலப்பகுதியைச் சேர்ந்த முருகைகள் 1837ஆம் ஆண்டிலே பாறைகளின் வரிசைக்கும், 1963ஆம் ஆண்டிலே அவற்றின் ஆண்டுக்கணக்குக்கும் சான்று கூறின. அவ்விரு சான்றுகளையும், அவற்றுக்கு இடையே கனிப்பொருள்கள் கூறிய பிறிதொரு சான்றையும் ஒப்புநோக்கி, பாறைகளின் வயது பற்றிய நமது அறிவு எதன்மீது நிலைபெற்றுள்ளது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரிசை கண்ட முருகைகள்

அடையற்பாறைகளிலே கீழ்ப்படை முந்தியது, மேற்படை பிந்தியது எனும் விதியை 1669ஆம் ஆண்டிலே நிக்கொலசு ஸ்ரெனோ எடுத்துரைத்தார். ஆயின் இவ்விதி ஓரிடத்துக்கே பொருந்தும். ஒரு மாவட்டத்தின் பாறைப்படையையும் நூறு மைல் தொலைவிலுள்ள பிறிதொரு மாவட்டத்தின் பாறைப்படையையும் எவ்வாறு ஒப்பிடுவது? ஒரே நிறமும் ஒரே தன்மையும் உடைய களிக்கற்கள் பல காலங்களிலே தோன்றியுள்ளமையால், பாறையின் தோற்றத்தை நம்புதல் இயலாது. இங்கிலாந்திலே கால்வாய் அமைப்புக்கான நில அளவையாளராகப் பணியாற்றிய வில்லியம் ஸ்மித் இதற்கு விடை கண்டார். ஒவ்வொரு படையும் தனக்கே உரிய உயிர்ச்சுவட்டுத் தொகுதியைக் கொண்டுள்ளது. அத்தொகுதியைக் கொண்டு படையை இனங்காணலாம் என்பது அவர் கண்ட உண்மை. 1815ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட புவிச்சரிதப் படம் இவ்வுண்மையின் பயனை யாவரும் காணுமாறு செய்தது.

இம்முறைக்கு ஒரு கடுஞ்சோதனை 1834ஆம் ஆண்டிலே தோன்றியது. வட டெவனிலே மிகப் பழையவை எனக் கருதப்பட்ட பாறைகளிடையே நிலக்கரிக் காலத்துத் தாவரங்களை ஒத்த உயிர்ச்சுவடுகள் காணப்படுவதாக ஹென்றி டி லா பீச் இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்துக்கு அறிவித்தார். அது மெய்யாயின், உயிர்ச்சுவட்டைக் கொண்டு காலத்தை வரிசைப்படுத்தும் முறையே ஐயத்துக்குரியதாகிவிடும். றொடெறிக் மேர்ச்சிசன் அவ்விடத்தைப் பாராமலே அக்கூற்றை மறுத்தார். 1836ஆம் ஆண்டிலே அவரும் அடம் செட்ஜ்விக்கும் டெவனுக்குச் சென்று ஆராய்ந்தனர். தாவரச் சுவடுகளைக் கொண்ட படைகள் உண்மையில் ஏனைய படைகளுக்கு மேலே கிடப்பன என்றும், அவை நிலக்கரிக் காலத்தைச் சேர்ந்தன என்றும் அவர்கள் காட்டினர். எனினும் அவற்றுக்குக் கீழேயிருந்த பாறைகளும், தென் டெவனின் சுண்ணாம்புக்கற்களும் எக்காலத்தவை என்பது தீராத சிக்கலாகவே இருந்தது.

அச்சிக்கலை அவிழ்ப்பதற்கு வழிகாட்டியவர் வில்லியம் லொன்ஸ்டேல் ஆவார். இளமையிலே படைவீரராகி, 1812இல் சலமாங்காவிலும் 1815இல் வாட்டர்லூவிலும் போர்க்களம் கண்ட இவர், பின்னர் உயிர்ச்சுவட்டு ஆய்விலே ஈடுபட்டுப் புவிச்சரிதவியற் சங்கத்தின் காப்பாளராகப் பணிபுரிந்தார். முருகை உயிர்ச்சுவடுகளைப் பிரித்தறிவதிலே அவர் பெரும்புலமை வாய்ந்தவர். தென் டெவன் சுண்ணாம்புக்கல்லிலிருந்து கொணரப்பட்ட முருகைகளை அவர் நுணுகி நோக்கினார். அவற்றுட் சில, பழைய சைலூரியன் பாறைகளிலுள்ளவற்றை ஒத்திருந்தன. ஆயின் அவற்றோடு கூடிக் காணப்பட்ட சிப்பியினங்கள் சில நிலக்கரிக்காலச் சுண்ணாம்புக்கல்லிலுள்ளவற்றை ஒத்திருந்தன. முழுத் தொகுதியும் இவ்விரண்டில் எதனோடும் முற்றாகப் பொருந்தவில்லை. எனவே இச்சுண்ணாம்புக்கல் இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தது எனும் கருத்தை 1837ஆம் ஆண்டிலே அவர் முன்வைத்தார்.

இக்கருத்து முதலில் ஏற்கப்படவில்லை. இடைப்பட்ட காலத்துக்கு உரியதாக ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது பழைய செம்மணற்கல் ஆகும். அதிலே மீன்களின் சுவடுகள் காணப்பட்டனவேயன்றி முருகைகள் காணப்படவில்லை. சாம்பல்நிறச் சுண்ணாம்புக்கல்லும் செந்நிற மணற்கல்லும் ஒரே காலத்தில் எவ்வாறு தோன்றியிருக்க முடியும்? ஒன்று கடலடியிலும் மற்றையது நிலத்தை அண்டிய நீர்நிலைகளிலும் படிந்தவை என உணர்ந்தபோதே விடை புலனாயிற்று. ஒரே காலத்திலே வெவ்வேறு சூழல்களில் வெவ்வேறு உயிர்கள் வாழ்வது இயல்பே. 1839ஆம் ஆண்டிலே செட்ஜ்விக்கும் மேர்ச்சிசனும் லொன்ஸ்டேலின் கருத்தை ஏற்று, அக்காலப்பகுதிக்குத் தெவோனியன் எனப் பெயரிட்டனர். அடுத்த ஆண்டு மேர்ச்சிசன் இரசியாவுக்குச் சென்றபோது, செம்மணற்கல்லுக்குரிய மீன்களும் டெவனுக்குரிய சிப்பிகளும் ஒரே பாறைத்தொடரிலே சேர்ந்து கிடப்பதைக் கண்டார். மேசையிலே வைத்து ஆராயப்பட்ட முருகைகளைக் கொண்டு எடுத்த முடிபு, ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள தேசத்தின் பாறைகளால் உறுதிப்படுத்தப்பட்டது.

லொன்ஸ்டேலும் மேர்ச்சிசனும் தெவோனியன் காலம் எத்தனை ஆண்டுகளுக்கு முற்பட்டது எனக் கூறவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. அதனைக் கூறுவதற்கு அவர்களிடம் வழி இருக்கவில்லை. வரிசை கிடைத்தது, எண் கிடைக்கவில்லை.

எண் தேடியோர்

எண்ணைத் தேடியோர் பலர். சாள்ஸ் டார்வின் 1859ஆம் ஆண்டிலே தமது நூலின் முதற்பதிப்பில், தென் இங்கிலாந்தின் வீல்ட் பிரதேசம் அரிக்கப்படுவதற்கு ஏறத்தாழ 300 மில்லியன் ஆண்டுகள் சென்றிருத்தல் வேண்டும் எனக் கணித்தார். அக்கணிப்புக்கு வன்மையான கண்டனங்கள் எழுந்தமையால் 1861ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலே அதனை நீக்கிவிட்டார்.

பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தொம்சன் 1862ஆம் ஆண்டிலே பௌதிகத்தின் துணைகொண்டு இவ்வினாவை அணுகினார். உருகிய நிலையிலிருந்த புவி படிப்படியாகக் குளிர்ந்து இன்றைய வெப்பநிலைச் சாய்வை அடைவதற்கு எத்தனை ஆண்டுகள் செல்லும் எனக் கணித்து, 20 மில்லியனுக்கும் 400 மில்லியனுக்கும் இடைப்பட்ட காலம் என அவர் விடை கண்டார். 1897ஆம் ஆண்டளவிலே அவ்வெல்லையை 20 முதல் 40 மில்லியன் வரை எனச் சுருக்கினார். உயிரினக் கூர்ப்புக்கும் பாறைப்படைகளின் தடிப்புக்கும் இக்காலம் போதாது எனப் பலர் உணர்ந்தனர். ஆயினும் கணிதத்தின் துல்லியமும் கெல்வினின் பெயரும் அவர்களைத் தயங்கச் செய்தன.

கெல்வினின் கணிப்பிலே பிழை இருக்கவில்லை. எடுகோளிலேதான் பிழை இருந்தது. புவியின் உட்பகுதி அசைவற்ற திண்மம் என்றும், வெப்பம் கடத்தலால் மட்டுமே வெளியேறுகிறது என்றும் அவர் கொண்டார். உட்பகுதியிலே பொருள் மெல்ல இயங்கி வெப்பத்தை மேலே காவி வருமாயின் வயது பன்மடங்கு கூடும் என அவருடைய உதவியாளராயிருந்த ஜோன் பெரி 1895ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். மிகத் துல்லியமான கணக்காயினும், அது ஒரே எடுகோளின்மீது நிற்குமாயின் அந்த எடுகோளின் வலிமையே அதன் வலிமையாகும் என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்றாகும்.

கனிப்பொருள் கூறிய சான்று

1896ஆம் ஆண்டிலே ஹென்றி பெக்கரல் கதிர்த்தொழிற்பாட்டைக் கண்டறிந்தார். யுரேனியம் ஒரு நிலையான வீதத்திலே சிதைந்து செல்கின்றது; அவ்வீதம் வெப்பத்தாலோ அமுக்கத்தாலோ இரசாயனச் சேர்க்கையாலோ மாறுவதில்லை எனலாம். எனவே ஒரு கனிப்பொருளில் எஞ்சியுள்ள யுரேனியத்தையும், சிதைவினால் அதனுள் திரண்டுள்ள விளைபொருளையும் அளந்தால் அக்கனிப்பொருளின் வயதைக் கணிக்கலாம் என ஏர்ணஸ்ற் ரதர்போட் உணர்ந்தார். அவர் முதலில் ஈலிய வாயுவை அளந்தார். வாயு கசிந்து வெளியேறக்கூடியது ஆதலால் அம்முறை வயதைக் குறைத்தே காட்டிற்று. அமெரிக்கரான பேட்ரம் போல்ற்வூட், யுரேனியத்தின் இறுதி விளைபொருள் ஈயமே எனக் கண்டு, 1907ஆம் ஆண்டிலே பல கனிப்பொருள்களின் வயதுகளை வெளியிட்டார்.

இவ்விடத்திலே இலங்கையும் இவ்வரலாற்றுள் நுழைகின்றது. 1904ஆம் ஆண்டிலே சப்பிரகமுவப் பகுதியின் மணற்படிவுகளிலிருந்து தோரியனைற்று எனும் புதிய கனிப்பொருள் உலகுக்கு அறிமுகமாயிற்று. பிற்காலத்தில் கலைவரலாற்று அறிஞராக உலகப்புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமியே அக்காலத்தில் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக விளங்கினார். கதிர்த்தொழிற்பாடு மிக்க இக்கனிப்பொருள் ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுகூடங்களால் பெரிதும் விரும்பப்பட்டது. போல்ற்வூட்டின் அட்டவணையிலே மிகக் கூடிய வயதைக் காட்டியது இலங்கைத் தோரியனைற்றேயாகும்: 2,200 மில்லியன் ஆண்டுகள். கெல்வின் கூறிய எல்லையை இது ஐம்பது மடங்குக்கு மேல் விஞ்சியது.

1911ஆம் ஆண்டிலே, இருபத்தொரு வயதே நிரம்பிய ஆதர் ஹோம்ஸ் இம்முறையைத் திருத்தமாக மேற்கொண்டு, நோர்வேயிலிருந்து பெறப்பட்ட கனிப்பொருள்களை ஆராய்ந்தார். அவை தெவோனியன் காலப் பாறைகளுக்கு உரியவை என அப்போது கொள்ளப்பட்டது. அவர் பெற்ற விடை 370 மில்லியன் ஆண்டுகள். லொன்ஸ்டேலின் முருகைகள் வரிசையிலே இடம் காட்டிய காலப்பகுதிக்கு இவ்வாறு முதன்முறையாக ஓர் எண் கிடைத்தது. அதே கட்டுரையிலே இலங்கைக் கனிப்பொருளுக்கு 1,640 மில்லியன் ஆண்டுகள் எனும் வயதையும் அவர் தந்தார்.

இவ்வெண்களை நாம் இன்று எவ்வாறு மதிப்பிடல் வேண்டும்? யுரேனியம் மட்டுமன்றித் தோரியமும் ஈயமாகவே முடிகின்றது என்பதும், ஒரே மூலகம் வெவ்வேறு அணுநிறையுடைய சமதானிகளாக இருக்கும் என்பதும் அக்காலத்தில் தெளிவாகவில்லை. சமதானி எனும் கருத்தை சொடி முன்வைத்தது 1913ஆம் ஆண்டிலேயாகும். தோரியத்தையே பெரும்பகுதியாகக் கொண்ட இலங்கைக் கனிப்பொருளிலே, தோரியத்தால் விளைந்த ஈயமும் யுரேனியத்தின் கணக்கிலே சேர்க்கப்பட்டமையால் வயது மிகைப்பட்டது. நோர்வேப் பாறைகளின் நிலையும் எதிர்பாராத விதமாக மாறியது. ஒஸ்லோப் பகுதியின் அப்பாறைகள் தெவோனியன் காலத்தவையல்ல, அதற்குப் பிற்பட்ட பேர்மியன் காலத்தை அண்டியவை எனப் பின்னர் அறியப்பட்டது. ஆகவே 370 மில்லியன் எனும் எண் இன்றைய தெவோனியன் எல்லைக்குள் அமைந்திருப்பினும், அப்பொருத்தம் தற்செயலானது. காலம் பிழை, எண்ணும் பிழை. இரு பிழைகளும் ஒன்றையொன்று மறைத்துவிட்டன.

இதனை ஹோம்ஸின் குறையாகக் கூறுதல் தகாது. அவரே தம் வாழ்நாள் முழுவதும் அக்கணிப்புகளை மீளாய்வு செய்து திருத்தி வந்தார். 1959ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட திருத்திய கால அட்டவணை, பல நாடுகளின் பாறைகளையும் பல சிதைவுத்தொடர்களையும் ஆதாரமாகக் கொண்டது. அது தெவோனியன் காலத்தை 400 மில்லியனுக்கும் 350 மில்லியனுக்கும் இடையே வைத்தது. இன்றைய அளவீடு ஏறத்தாழ 419 முதல் 359 மில்லியன் ஆண்டுகள் வரையாகும். ஆயினும் ஒரு வினா எஞ்சியது. இவையனைத்தும் அணுச்சிதைவு எனும் ஒரே அடிப்படையின்மீது நிற்கின்றன. கெல்வினுக்கு நேர்ந்தது இங்கும் நேராது என்பதற்கு உறுதி யாது? அணுச்சிதைவோடு எவ்விதத் தொடர்புமற்ற பிறிதொரு சான்று கிடைக்குமா?

நாட்களை எண்ணியவர்

அத்தகைய சான்றை 1963ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் வெல்ஸ் முன்வைத்தார். அவர் முருகைகளை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். 'நேச்சர்' சஞ்சிகையிலே வெளிவந்த அவருடைய கட்டுரை மூன்றே பக்கங்களைக் கொண்டது.

முருகையின் கூட்டினது வெளிச்சுவரிலே கண்ணுக்குப் புலப்படும் அகன்ற வளையங்கள் உள. பருவந்தோறும் கடலின் வெப்பநிலை மாறுவதால் வளர்ச்சியும் மாறி, ஆண்டுக்கு ஒரு வளையம் உருவாகின்றது என்பது ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது. சீன அறிஞர் மா திங்-யிங் 1930களிலே இவ்வளையங்களைக் கொண்டு பண்டைக் காலநிலையை ஆராய்ந்தார். வெல்ஸ் மேலும் ஒரு படி சென்றார். நன்கு பேணப்பட்ட மாதிரிகளை உருப்பெருக்கியினூடாக நோக்கியபோது, ஓர் ஆண்டு வளையத்தினுள்ளே மயிரிழை போன்ற நுண்வரிகள் நிறைந்திருப்பதைக் கண்டார். முருகை காபனேற்றைப் படியவிடும் வேகம் பகலிலும் இரவிலும் வேறுபடுவதால் நாளுக்கு ஒரு வரி தோன்றுதல் வேண்டும் என அவர் கருதினார். மேற்கிந்தியக் கடலில் இன்று வாழும் முருகையினம் ஒன்றிலே ஓராண்டு வளர்ச்சிக்குள் அவ்வரிகளை எண்ணினார். ஏறத்தாழ 360 இருந்தன.

பின்னர் நியூயோர்க், ஒன்ராறியோப் பகுதிகளின் நடுத்தெவோனியன் முருகைகளை எடுத்து எண்ணினார். எண்ணிக்கை 385 முதல் 410 வரை அமைந்தது. பெரும்பாலானவை 400ஐ அண்டி நின்றன. அதற்குப் பிற்பட்ட நிலக்கரிக்கால முருகைகள் இரண்டிலே 390 வரிகளும் 385 வரிகளும் இருந்தன. காலம் முற்பட முற்பட ஆண்டின் நாட்கள் கூடிச் செல்வதாக இதனால் அறியலாயிற்று.

இதன் பொருள் யாது? புவி ஞாயிற்றைச் சுற்றிவர எடுக்கும் காலம் குறிப்பிடத்தக்க அளவிலே மாறவில்லை. ஆயின் புவி தன்னைத்தானே சுற்றும் வேகம் குறைந்து வருகின்றது. கடலின் வற்றுப்பெருக்கு ஏற்படுத்தும் உராய்வு புவியின் சுழற்சிக்குத் தடையாகும் என மெய்யியலாளர் கான்ற் 1754ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். வானியலாளர் பண்டைய கிரகணப் பதிவுகளை ஆராய்ந்து, நாளின் நீளம் ஏறத்தாழ ஓர் இலட்சம் ஆண்டுக்கு 2 செக்கன் வீதம் கூடுகின்றது எனக் கணித்திருந்தனர்.

இக்கணக்கை நாமே செய்து பார்க்கலாம். ஓர் ஆண்டில் உள்ளவை ஏறத்தாழ 8,766 மணித்தியாலங்கள். அணுச்சிதைவு முறைப்படி நடுத்தெவோனியன் காலம் 380 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்டது எனக் கொண்டால், அன்றைய நாள் இன்றைய நாளைவிட 7,600 செக்கன், அதாவது இரு மணித்தியாலமும் சில நிமிடங்களும் குறைவாக இருந்திருத்தல் வேண்டும். நாளுக்கு 21.9 மணித்தியாலம் எனக் கொண்டு வகுத்தால் ஆண்டுக்கு 400 நாட்கள் வரும். முருகைகளிலே வெல்ஸ் எண்ணியதும் அதுவே. கெல்வின் இறுதியாகக் கூறிய 20 மில்லியன் ஆண்டுகளே உண்மையாயின், ஆண்டுக்கு 367 நாட்களுக்கு மேல் கிடைத்திரா. அணுக்கருவின் சிதைவும், வானிலே திங்களின் இயக்கமும், பண்டைக் கடலொன்றின் அடியிலே வாழ்ந்த சிற்றுயிரின் வளர்ச்சியும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை. அவை மூன்றும் ஒரே எண்ணை நோக்கி வந்தமையே வெல்ஸின் கட்டுரைக்குக் கிடைத்த வரவேற்புக்குக் காரணமாகும்.

சான்றின் எல்லை

எனினும் ஒரு சான்றின் வலிமையை அறிபவர் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். தெவோனியன் முருகைகளிலே நுண்வரிகள் முழுமையாக எஞ்சியுள்ள மாதிரிகள் மிக அரியவை. எது ஒரு வரி, எது இரு வரிகளின் சேர்க்கை என்பதிலே எண்ணுவோரிடையே கருத்து வேறுபாடு தோன்றும். முகில் மூடிய நாட்களிலும் கலங்கிய நீரிலும் வரி தோன்றாதும் போகலாம். வெல்ஸின் எண்ணிக்கை 385க்கும் 410க்கும் இடையே பரந்திருந்தமைக்கு இவையே காரணங்களாகும்.

சில ஐயங்கள் பிற்கால ஆய்வுகளால் நீங்கின. ஆங்கிலேயரான கொலின் ஸ்குறற்றன் 1965ஆம் ஆண்டளவிலே தெவோனியன் முருகைகளில் வரிகள் கட்டுக்கட்டாக அமைந்திருப்பதைக் கண்டார். ஒவ்வொரு கட்டிலும் சராசரியாக 30.6 வரிகளும், ஓராண்டு வளர்ச்சியில் 13 கட்டுகளும் இருந்தன. இவை திங்களின் சுற்றுக்கு இயைந்த மாதங்கள் என அவர் கொண்டார். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 398 நாட்கள் வரும். ஆண்டு வளையம் ஆண்டுக்கு ஒன்றே என்பதும் 1972ஆம் ஆண்டிலே வேறொரு வழியால் உறுதியாயிற்று. பசிபிக் சமுத்திரத்தின் எனிவெற்றொக் தீவிலே 1948 முதல் 1958 வரை அணுகுண்டுச் சோதனைகள் நடைபெற்றன. அவற்றிலிருந்து வெளிப்பட்ட கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்கள் அங்கு வளர்ந்த முருகைகளின் கூட்டிலே பதிந்துவிட்டன. எக்சுக்கதிர்ப் படத்திலே தெரிந்த வளையங்களை அப்பதிவுகளிலிருந்து எண்ணியபோது, ஆண்டும் வளையமும் ஒத்திருந்தன. மனிதன் அழிவுக்காகச் செய்த சோதனை, அறிவுக்கு ஓர் அளவுகோலைத் தற்செயலாகத் தந்தது.

ஆயின் நீங்காத தடை ஒன்றுண்டு. வற்றுப்பெருக்கு உராய்வின் அளவு எக்காலத்தும் ஒன்றாக இருந்ததன்று. கண்டங்களின் அமைவும் கடல்களின் ஆழமும் மாறும்போது உராய்வும் மாறும். 1969ஆம் ஆண்டு தொடக்கம் திங்களிலே வைக்கப்பட்ட தெறிகருவிகளை நோக்கி லேசர்க் கதிரைச் செலுத்தி அளந்ததில், திங்கள் ஆண்டுக்கு 3.8 சதமமீற்றர் வீதம் புவியை விட்டு விலகிச் செல்வது அறியப்பட்டது. இன்றைய உராய்வு என்றும் நிலவியது எனக் கொண்டு பின்னோக்கிக் கணித்தால், ஏறத்தாழ 1,500 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் திங்கள் புவியை முட்டி நின்றிருத்தல் வேண்டும். ஆனால் அங்கிருந்து கொணரப்பட்ட பாறைகளுட் சில 4,000 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. எனவே முற்காலத்து உராய்வு சராசரியாகக் குறைவாகவே இருந்துள்ளது.

இதனால் முருகையின் நாட்கணக்கைத் தனித்து நிற்கும் கடிகாரமாகக் கொள்ள முடியாது. இன்று ஆய்வாளர் அதனைப் பெரும்பாலும் மறுதலையாகவே பயன்படுத்துகின்றனர். பாறையின் வயதை அணுச்சிதைவு முறையால் அறிந்து, உயிர்ச்சுவட்டின் வரிகளைக் கொண்டு அக்காலத்து நாளின் நீளத்தை அறிகின்றனர். 2020ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வொன்று 70 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட சிப்பியொன்றின் நாள்வரிகளை நுண்கருவிகளால் ஆராய்ந்தது. அன்றைய ஆண்டில் 372 நாட்கள் இருந்தன என்றும், நாள் ஏறத்தாழ 23.5 மணித்தியாலம் நீடித்தது என்றும் அது காட்டியது. கருவிகள் மாறினும், வெல்ஸ் தொடக்கிய வழி வழக்கொழியவில்லை.

அப்படியாயின் 1963ஆம் ஆண்டின் சான்று எதனை நிறுவியது? நடுத்தெவோனியன் காலம் 380 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்டதா, 390 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்டதா என்பதை அது தீர்க்கவில்லை, தீர்க்கவும் முடியாது. ஆயின் அணுச்சிதைவு முறை தந்த விடை பத்து மடங்கோ நூறு மடங்கோ பிழைத்திருக்கலாம் எனும் ஐயத்தை அது வெகுவாகக் குறைத்தது. உராய்வு மாறியிருக்கலாம் எனினும், 20 மில்லியன் ஆண்டுகளுக்குள் 400 நாள் ஆண்டு 365 நாள் ஆண்டாகச் சுருங்குவதற்கு இன்றைய உராய்வின் பதினெட்டு மடங்குக்கு மேல் வேண்டும். அதனை ஏற்பதற்கு ஆதாரமில்லை.

ஒரே கூட்டில் இரு சான்றுகள்

இளமையான முருகைகளிலே மேலும் நேரடியான ஒப்பீடு சாத்தியமாகின்றது. முருகை வளரும்போது கடல்நீரிலுள்ள யுரேனியத்தைச் சிறிதளவு தன் கூட்டிலே சேர்க்கின்றது. நீரிற் கரையாத தோரியத்தைச் சேர்ப்பதில்லை எனலாம். எனவே கூட்டிலே காணப்படும் தோரியம்-230, உள்ளிருந்த யுரேனியத்தின் சிதைவால் விளைந்ததாகும். அதன் அளவு கூட்டின் வயதைக் காட்டும். இம்முறையால் 1960களிலே மேற்கிந்தியாவின் பாபடோசுத் தீவிலே மேலுயர்ந்து நிற்கும் முருகைக்கற் படிகளுக்கு ஏறத்தாழ 82,000, 105,000, 125,000 ஆண்டுகள் எனும் வயதுகள் கணிக்கப்பட்டன. கடல்மட்டம் உயர்ந்திருந்த அக்காலங்கள், புவியின் ஒழுக்கு மாறுதல்களைக் கொண்டு மிலன்கோவிச் கணித்த வெப்பகாலங்களோடு ஒத்திருந்தன. 1980களிலே திணிவு நிறமாலைக் கருவி மூலம் மிகச் சிறிய மாதிரிகளையும் திருத்தமாக அளக்க முடிந்தபோது, சில நூற்றாண்டு வயதுடைய முருகைகளில் தோரியக் கணக்கும் ஆண்டு வளையக் கணக்கும் அருகருகே வைத்து ஒப்பிடப்பட்டன, அவை ஒத்திருந்தன. ஒரே கூட்டிலே உயிரின் வளர்ச்சியும் அணுவின் சிதைவும் ஒரே காலத்தை வெவ்வேறாக எழுதிவைத்துள்ளன எனலாம்.

முடிவுரை

பாறைகளின் வயது பற்றிய நமது அறிவு ஓர் அறிஞரின் பெயராலோ ஒரு சமன்பாட்டின் அழகாலோ நிலைபெற்றதன்று என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகின்றது. கெல்வினிடம் இவ்விரண்டும் இருந்தன. எனினும் அவர் முடிபு நிலைக்கவில்லை. ஹோம்ஸ் தந்த முதல் எண்ணிலே பிழை இருந்தது. எனினும் அவர் வகுத்த வழி நிலைத்தது. அவ்வழியிலே பின்வந்தோர் ஒவ்வொருவரும் முன்னோரின் எண்ணை வேறொரு சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தமையே அதற்குக் காரணமாகும். லொன்ஸ்டேலின் முருகைகளை இரசியாவின் மீன்களும் சிப்பிகளும் உறுதிப்படுத்தின. யுரேனியத்தின் கணக்கை வெல்ஸ் எண்ணிய வரிகள் சோதித்தன. ஆண்டு வளையங்கள் ஆண்டுக்கணக்கைச் சரியாகக் காட்டுமா எனும் ஐயத்தை எனிவெற்றொக் முருகைகள் தீர்த்தன.

பல்கலைக்கழகத்திலே நாம் கற்கும் எண்கள் பலவும் பாடநூலிலே ஒற்றை வரியாக வந்து நிற்கின்றன. தெவோனியன் காலம் இத்தனை மில்லியன் ஆண்டு என எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்கின்றோம். அந்த எண்ணின் பின்னே எத்தனை சான்றுகள் நிற்கின்றன, அவை ஒன்றையொன்று சாராதவைதாமா, எங்கே அவை பிழைத்தன, பிழையை யார் எவ்வாறு கண்டனர் என வினவும் பழக்கம் நம்மிடையே குறைவு. ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நாளொன்றுக்கு ஒரு வரியாகத் தன் கூட்டைக் கட்டிச் சென்ற முருகை எந்த வினாவுக்கும் விடை கூற எண்ணவில்லை. உருப்பெருக்கியைக் கையிலெடுத்து அவ்வரிகளைப் பொறுமையோடு எண்ண ஒருவர் முன்வந்தபோதே அவை சான்றாயின.